“தேதி இருக்காம்மா?”: அமெரிக்க விசாவுக்குக் காத்திருக்கும் கணவன் மனைவியருக்கு ஒரு திறந்த மடல்

கல்யாணம் முடிந்தும் துணை ஒரு கரையில், தாங்கள் ஒரு கரையில் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,



நான் கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். எங்கள் பக்கம் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். விடியற்காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். பிள்ளைகளுக்குக் கையிலும் தொடையிலும் ஊசி, வாயில் சொட்டு மருந்து. பிறகு தாயின் கையிலிருக்கும் அட்டையில் தேதி, என் பதிவேட்டில் அதே தேதி. ஊசி போடும் நேரத்தைவிட எழுதும் நேரம்தான் அதிகம் பிடிக்கும். “அட்டையைத் தொலைச்சிடாத தாயி” என்று ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்லித்தான் அனுப்புவேன்.

என் மகள் 1995-இல் பிறந்தவள். அவளைக் கட்டிய மருமகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மனு போட்டு, தாள்கள் அனுப்பி, ஒன்றரை வருடம் காத்திருந்து, நேர்காணல் தேதி வந்தது. அதற்கு முன் மருத்துவப் பரிசோதனைக்காகச் சென்னைக்குப் போனோம். டாக்டர் சிறுவயதுத் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். மகள் பெருமையாகச் சொன்னாள்: “எங்கம்மாவே நர்ஸ் சார். எல்லாமே போட்டிருக்காங்க.” அவர் தன்மையாகத்தான் பதில் சொன்னார்: “அம்மா போட்டிருப்பாங்கம்மா. தேதி இருக்காம்மா?”

தேதி இல்லை. ஊர்ப் பிள்ளைகளின் அட்டைகளில் எல்லாம் தேதி எழுதிய நான், பெற்ற பிள்ளையின் அட்டையை மூன்று வீடு மாறியதில் எங்கோ விட்டுவிட்டேன். அன்று அவளுக்கு இரண்டு கைகளிலுமாக நாலு ஊசி போட்டார்கள். பரிசோதனைக் கட்டணம் தனி, ஊசிகளின் விலை தனி என்று ரசீது வந்தது. அவள் அப்பா பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கல்யாணக் கடன் அப்போது பாதிகூட அடையவில்லை.

அன்றிலிருந்து தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னைக் கேட்கிறார்கள். “எல்லா ஊசியையும் மறுபடி போடணுமா அக்கா?”, “இத்தனை ஆயிரம் ஆகுமாமே, நிஜமா?”, “ஊசி முடியலைன்னா விசா தரமாட்டாங்களா?” ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேர்வதற்குள் வேறு வடிவம் எடுத்துவிடுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஊசியின் விலையைவிட, போட்ட ஊசிக்குச் சாட்சியில்லாததன் விலைதான் அதிகம். நான் சொல்லப்போவதன் சாரம் இதுதான்.

முதலில், இது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். அமெரிக்கக் குடிமகனை அல்லது கிரீன் கார்டு வைத்திருப்பவரை மணந்து, இங்கிருந்தே குடியேற்ற விசா வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் இந்தத் தடுப்பூசி விதி. கணவர் எச்-1பி விசாவில் இருந்து, மனைவி எச்-4-இல் போனால் இந்த மருத்துவப் பரிசோதனையே கிடையாது. பிற்பாடு அங்கேயே கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது அங்குள்ள மருத்துவர் முன்னால் இதே கணக்கைக் காட்ட வேண்டிவரும். நிச்சயதார்த்த விசாவான கே-1-இல் போகிறவர்களுக்கும் விசாவுக்கு முன் ஊசி கட்டாயமில்லை. அங்கே போய்த் தாலி கட்டி, கிரீன் கார்டுக்காக நிலையை மாற்றும்போது காட்ட வேண்டும். கனடாவோ பிரிட்டனோ போகிறவர்களுக்குத் துணைவர் விசாவின் நிபந்தனையாக இந்த ஊசிப் பட்டியலே இல்லை. பிரிட்டனுக்குக் காசநோய்ச் சோதனைச் சான்று வேண்டும், கனடாவுக்குப் பொதுவான மருத்துவப் பரிசோதனை உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் டொரன்டோவுக்கு ஊசியே போடாமல் போனாளே என்று நீங்கள் குழம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இந்த விதி 1996 செப்டம்பர் 30 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டத் திருத்தத்தில் வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, இளம்பிள்ளை வாதம், ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ஹெச்.ஐ.பி. கிருமி, ஹெபடைடிஸ் பி மஞ்சள் காமாலை என்று சட்டமே நோய்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறது. இவற்றோடு, அந்நாட்டுத் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைப்பவையும் சேரும். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் யாருக்கு எது என்பதை வயதுதான் தீர்மானிக்கிறது. ஹெச்.ஐ.பி. ஊசி சிறு குழந்தைகளுக்கானது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கும் உங்களுக்குப் பெரும்பாலும் வந்து நிற்பவை நான்கு. ரண ஜன்னி, தொண்டை அடைப்பான், கக்குவான் மூன்றும் சேர்ந்த டிடாப் ஒன்று. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றும் சேர்ந்த எம்.எம்.ஆர். ஒன்று. பிறகு சின்னம்மை ஊசி, ஹெபடைடிஸ் பி ஊசி. ஃப்ளூ காலமாக இருந்தால் அந்த ஊசியும் சேரும். உங்கள் வயதுக்கும் பழைய பதிவுக்கும் ஏற்ப வேறு ஏதாவது வேண்டுமா என்பதைப் பரிசோதிக்கும் மருத்துவர் சொல்வார்.

“எங்கம்மா சின்ன வயசுல ஒண்ணுமே போடலையா?” என்று ஒரு பெண் என்னிடம் அழுதுகொண்டே கேட்டாள். அவள் அம்மா எல்லாவற்றையும்தான் போட்டிருந்தார். அந்தக் காலத்து அரசுத் திட்டத்தில் இருந்தது அவ்வளவுதான். 1985-இல் தொடங்கிய அனைவருக்கும் தடுப்பூசித் திட்டத்தில் காசநோய்க்கு பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, முத்தடுப்பு ஊசி, ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை ஊசி, பிறகு பள்ளிக்கூடத்தில் ரண ஜன்னி ஊசி என்றுதான் போட்டோம். கிண்டி பி.சி.ஜி. ஆய்வகத்தையும் குன்னூர் பாஸ்டர் நிலையத்தையும் நான் நன்றியோடு நினைப்பவள். அங்கே தயாரான மருந்துகள் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் தொண்ணூறுகளில் பிறந்த ஒரு பிள்ளையின் அரசு அட்டையில் பொன்னுக்கு வீங்கி இருக்காது, ரூபெல்லா இருக்காது, சின்னம்மை இருக்காது. ஹெபடைடிஸ் பி ஊசி சில இடங்களில் 2002-ஐ ஒட்டித்தான் சோதனையாகத் தொடங்கியது. நாடு முழுக்க வந்தது 2011-க்குப் பிறகு. ஐந்து நோய்களுக்கான பென்டா ஊசி முதன்முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில்தான் வந்தது. தனியார் குழந்தை மருத்துவரிடம் காட்டியவர்களின் அட்டையில் எம்.எம்.ஆரும் மஞ்சள் காமாலை ஊசியும் இருக்கக்கூடும். ஆகவே அட்டையில் இடைவெளி இருப்பது உங்கள் அம்மாவின் கவனக்குறைவு ஆகாது. அவர் மனம் நோக ஒரு சொல்லும் சொல்லிவிடாதீர்கள்.

இளையவர்களுக்கு இன்னொரு செய்தி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் வரை எம்.ஆர். ஊசி போட்டோம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக நானும் போனேன். அந்த ஊசியின் சான்று உங்களிடம் இருந்தால் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள், தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் அது சாட்சி. ஆனால் அதில் பொன்னுக்கு வீங்கிக்கான மருந்து இல்லை. தாடை வீங்கினால் கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடும் ஊரில், அதற்கென ஓர் ஊசி இருப்பதே பலருக்குத் தெரியாது. எம்.ஆர். போட்டவர்களுக்கும் எம்.எம்.ஆர். கேட்பது இந்த ஒரு நோய்க்காகத்தான்.

அடுத்தது, பலருடைய தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. ஹெபடைடிஸ் பி மூன்று தவணை, ஆறு மாதம் பிடிக்கும். நேர்காணலோ அடுத்த மாதம். என்ன செய்வது? எல்லாத் தவணையையும் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று விதி இல்லை. உங்கள் வயதுக்கு வேண்டிய ஒவ்வொரு ஊசியிலும், பரிசோதனையின்போது போடத்தக்க ஒரு தவணை போட்டிருந்தால் போதும். அடுத்த தவணைக்கு இன்னும் நாள் ஆகவில்லை என்று மருத்துவர் படிவத்தில் குறித்துவிடுவார். அதற்குத் தனியாக மனுவோ கட்டணமோ இல்லை. மீதித் தவணைகளை அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைக்கும் ஊசிகளை அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஏற்றுக்கொள்கின்றன. கைப்பணம் கொடுக்காமலே போட்டுக்கொள்ள முடியும். துணைவரின் காப்பீட்டில் உங்கள் பெயரைச் சேர்த்ததும் இதை விசாரியுங்கள். இது தெரியாமல், ஆறு மாதத் தவணையை முடிப்பதற்காக நேர்காணலைத் தள்ளிப்போட்ட ஒரு தம்பதியை நான் அறிவேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கழித்த அந்த ஆறு மாதத்துக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.

இப்போது செலவுக் கணக்கு. நான் இதை எழுதும்போது மனுவை இணையவழியில் போட 625 டாலர், ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்துக்கு 120, விசா விண்ணப்பத்துக்கு 325, விசா கிடைத்தபின் குடியேற்றக் கட்டணம் 235. கூட்டினால் 1,305 டாலர், நம் பணத்தில் லட்சம் ரூபாய்க்கு மேல். இதில் எதிலும் மருத்துவச் செலவு அடங்காது. மருத்துவர் கட்டணம், எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர், ஊசி எல்லாவற்றையும் பரிசோதனை செய்யும் இடத்தில் நீங்களே கட்ட வேண்டும். பரிசோதனையைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும்தான் செய்ய முடியும். சென்னையிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நேர்காணல் மும்பையில் என்றால் வண்டிச் செலவு, தங்கும் செலவு வேறு.

இந்தச் செலவில் நீங்கள் குறைக்கக்கூடிய பகுதி ஊசி மட்டும்தான். ஏனென்றால் பரிசோதனைதான் அந்த மருத்துவரிடம் நடக்க வேண்டுமே தவிர, ஊசியை உங்கள் ஊர் மருத்துவரிடமே போட்டுக்கொள்ளலாம். ஊசியின் பெயர், போட்ட நாள், மாதம், வருடம், மருந்தின் பேட்ச் எண், மருத்துவரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் தெளிவாக இருக்கும் பதிவு வேண்டும், அவ்வளவே. ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் அதிகபட்ச விற்பனை விலை அச்சிட்டிருக்கும். பெட்டியை வாங்கிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். ஹெபடைடிஸ் பி ஊசி சில நூறு ரூபாயில் முடியும். சின்னம்மை ஊசி ஒரு தவணையே ஆயிரத்தைத் தாண்டும். ஒரே நோய்க்கான ஊசியிலும் தயாரிக்கும் கம்பெனியைப் பொறுத்து விலை மாறும். உள்ளூரில் நாலு இடம் விசாரித்துப் போட்டுக்கொண்டால் வித்தியாசம் கையில் நிற்கும். என் மகள் விஷயத்தில் இதை நான் செய்யத் தவறினேன்.

ஒரு ஒழுங்கை மட்டும் மனதில் வையுங்கள். ஊசியை முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள், பரிசோதனைக்கு முன்னாலேயே ஓடாதீர்கள். மனு போட்ட மாதத்திலேயே ஊசியைத் தொடங்கினால் எம்.எம்.ஆர். இரண்டாம் தவணைக்கு வேண்டிய 28 நாளும், ஹெபடைடிஸ் பி ஊசியின் ஆறு மாதமும் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். ஆனால் பரிசோதனை முடிவு வழக்கமாக ஆறு மாதம்தான் செல்லும். காசநோய் தொடர்பான சில குறிப்புகள் இருந்தால் மூன்று மாதம்தான். விசாவின் ஆயுளும் அதை ஒட்டியே அமையும். அவசரப்பட்டு முதலிலேயே பரிசோதனை செய்தவர்கள் இரண்டாம் முறை அதே கட்டணத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே நேர்காணல் தேதி வந்தபிறகு முன்பதிவு செய்யுங்கள். முன்பதிவு செய்யும்போதே, ஊசிக்கு என்ன விலை, எந்தெந்த ஊசி அங்கேயே இருக்கிறது, வெளியில் போட்டதற்கு என்ன பதிவு வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பணம் கட்டியதும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட ரசீதைக் கேளுங்கள். தடுப்பூசி விவரங்களைக் குறிக்கும் டி.எஸ். 3025 என்ற படிவத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அங்கே போனபிறகு எது போட்டாயிற்று, எது பாக்கி என்று சொல்லப்போவது அந்தத் தாள்தான்.

சின்னம்மை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்குச் சிறுவயதில் அம்மை வார்த்திருக்கும். வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியாள் யாரும் வீட்டுக்குள் வந்திருக்க மாட்டார்கள். டாக்டரிடமும் போயிருக்க மாட்டீர்கள். அதனால் தாள் ஏதும் இருக்காது. ஆனால் ஒருமுறை சின்னம்மை வந்தவருக்கு அந்த ஊசி தேவையில்லை. எந்த வருடம், எத்தனை வயதில், உடம்பில் எங்கெல்லாம் கொப்புளம் வந்தது, வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தழும்பு இருந்தால் காட்டுங்கள். நம்பத்தக்க விவரம் என்று மருத்துவர் கருதினால் ஏற்றுக்கொள்ள விதியில் இடம் உண்டு. சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று சோதிக்கலாம். எம்.எம்.ஆர்., ஹெபடைடிஸ் பி இரண்டுக்கும் அப்படிச் சோதனைகள் உண்டு. ஆனால் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். சில சமயம் சோதனைக்கு ஆகும் பணத்தில் ஊசியையே போட்டுவிடலாம். முன்பே போட்டவர்களுக்கு எம்.எம்.ஆர். மறுபடி போட்டாலும் கெடுதல் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் செய்தவை. கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாது. போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் நாலு வாரம் இடைவெளி விட வேண்டும். கணவர் விடுமுறையில் வந்துவிட்டுப் போயிருந்தால், நாள் தள்ளியிருந்தால், மாமியாரோ அப்பாவோ பக்கத்தில் இருக்கிறார்களே என்று கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. கர்ப்பம் என்று தெரிந்தால் அந்த ஊசிகளைத் தவிர்த்துவிட்டுக் காரணத்தை அவரே படிவத்தில் எழுதுவார். ஊசி போடாததால் விசா தடைபடாது. எக்ஸ்ரே பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரூபெல்லாவை வெறும் விசாச் சடங்காக எண்ணாதீர்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு அது வந்தால் அவளுக்கு லேசான காய்ச்சலோடு போய்விடும். குழந்தையோ காது கேளாமல், கண்ணில் புரையோடு, இதயக் கோளாறோடு பிறக்கக்கூடும். அப்படி ஒரு பிள்ளையை என் பொறுப்புக் கிராமத்தில் நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய்க்கு ஒரு ஊசி போதுமானதாக இருந்திருக்கும். அந்த ஊசி அப்போது என் பெட்டியில் இல்லை. புதுக்குடித்தனம் தொடங்கப் போகிறவளுக்கு இந்த ஊசி சீர்வரிசையில் வைக்கத்தக்கது. அங்கேயும் நோய் முழுதாக ஒழிந்துவிடவில்லை. தட்டம்மையை ஒழித்துவிட்டதாக அமெரிக்கா 2000-இல் அறிவித்தது. ஆனாலும் 2025-இல் டெக்சாஸில் எழுநூறு பேருக்கு மேல் தட்டம்மை பரவியது. ஊசி போடாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். ஊசி நம் நன்மைக்கும்தான்.

பரிசோதனையில் ஊசியைத் தவிர வேறென்ன இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே போய்த் திடுக்கிட வேண்டாம். பெரியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே உண்டு. இடது தோளில் பி.சி.ஜி. தழும்பு இருப்பதால் அதிலிருந்து விலக்குக் கிடையாது. வயதைப் பொறுத்துப் பால்வினை நோய்களுக்கான ரத்தச் சோதனை, சிறுநீர்ச் சோதனை உண்டு. யாரையும் சந்தேகப்பட்டுச் செய்வதில்லை, அந்த வயதில் வருகிற எல்லோருக்கும் அதுதான் நடைமுறை. எச்.ஐ.வி. சோதனை 2010 ஜனவரி 4 முதல் பட்டியலில் இல்லை. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் மூன்று நாள் சளி எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு வைப்பார்கள். அதன் முடிவுக்கு எட்டு வாரம் ஆகும். இது யாருக்கும் நேரலாம், அவமானம் ஏதுமில்லை. முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் அந்தச் சிகிச்சை அட்டையையும் பழைய எக்ஸ்ரேயையும் மறக்காமல் கொண்டுபோங்கள். மறைத்தால் நாள்தான் கூடும்.

இனி, கொஞ்சம் கண்டிப்பாகச் சில வார்த்தைகள்.

அட்டை இல்லாதவர்களிடம், “முன்தேதி போட்டு ஒரு சான்றிதழ் வாங்கித் தரேன்” என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடமே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், “அக்கா, நீங்க போட்டதா எழுதிக் கொடுங்க” என்று. உறவுக்காரப் பிள்ளைகள்தான். மறுத்துவிட்டேன். போடாத ஊசிக்குத் தேதி எழுதுவது உடம்பை ஏமாற்றும் வேலை. அதோடு, விசாவுக்காகப் பொய் ஆதாரம் கொடுத்ததாக முடிவானால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் அது நிரந்தரத் தடைக்குரிய குற்றம். நாலு ஊசியின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் ஆயுளுக்கும் பிரிந்திருக்கும் நிலை வரலாம். தாள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பணம் யாருடையது என்பது. கல்யாணச் செலவு பெண் வீட்டுக்கு, நகை பெண் வீட்டுக்கு, விமானத்தில் ஏறும்வரை ஆகும் செலவும் பெண் வீட்டுக்கு என்று ஒரு வழக்கத்தை நாமாக வளர்த்துவைத்திருக்கிறோம். “அவ இன்னும் உங்க வீட்டுலதானே இருக்கா” என்று சம்பந்தி சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அங்கே சம்பாதிக்கும் மருமகன்களுக்குச் சொல்கிறேன். மனைவியைத் தாங்குவேன் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுபவர் நீங்கள். அந்தப் பொறுப்பு அவள் வந்து இறங்கிய நாளில் தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பரிசோதனைச் செலவு, ஊசிச் செலவு, மும்பைப் பயணச் செலவு மூன்றையும் அவள் கேட்பதற்கு முன்பே அனுப்புங்கள். உங்களுக்கு அது சில நூறு டாலர். இங்கே ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தகப்பனுக்கு ஒன்றிரண்டு மாத வருமானம். பெண் அங்கே இருந்து, மாப்பிள்ளை இங்கே காத்திருக்கும் வீடுகளுக்கும் இதே கணக்குத்தான். மகள்களுக்கும் ஒன்று. இதைக் கணவரிடம் கேட்பது கௌரவக் குறைவான காரியம் இல்லை. அப்பா பேசாமல் பணம் எண்ணும்போது, கையில் பணம் இருப்பதால்தான் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, விதிகள் மாறும். 2008-இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஹெச்.பி.வி. ஊசியைப் பதினொன்று முதல் இருபத்தாறு வயது வரையுள்ள பெண்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். மூன்று தவணை, ஒவ்வொன்றும் நூறு டாலருக்கு மேல். நல்ல ஊசிதான், ஆனால் குடியேற வரும் பெண்களிடம் மட்டும் இவ்வளவு பெரிய செலவைக் கேட்பது என்ன நியாயம் என்று பலர் குரல் எழுப்பினார்கள். 2009 டிசம்பர் 14 முதல் அது பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. கொள்ளைநோயாகப் பரவக்கூடியது, அல்லது அந்நாட்டில் ஒழிக்கப்பட்டது, ஒழிக்கப்பட்டுவருவது ஆகிய நோய்களுக்கான ஊசிகள் மட்டும்தான் இனி என்று அளவுகோலும் வகுத்தார்கள். கோவிட் ஊசி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயமாக இருந்து, 2025-இல் விலக்கப்பட்டது. ஆகவே மூன்று வருடத்துக்கு முன் போன சித்தி மகள் சொன்ன பட்டியலை வைத்துக்கொண்டு பணம் செலவழிக்காதீர்கள். என் மடலையும் வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பரிசோதனை நாளுக்குரிய பட்டியலை அந்த மருத்துவ நிலையத்திலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். வாட்ஸப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம்.

என் மகள் போய்ச் சேர்ந்து நாளாயிற்று. ஹெபடைடிஸ் பி இரண்டாம் தவணையை இங்கிருந்தே போட்டுக்கொண்டு போனாள். மூன்றாவதை அங்கே காப்பீட்டிலேயே போட்டுக்கொண்டாள். போட்ட அன்று ஒரு படம் அனுப்பினாள். ஊசி போட்ட கையின் படமாக இருக்கும் என்று திறந்தேன். தடுப்பூசிப் பதிவின் படம். மூன்று தவணைக்கும் தேதி இருந்தது. கீழே எழுதியிருந்தாள்: “தேதி இருக்கும்மா.”

பிள்ளைகளே, இன்று சாயங்காலமே அம்மாவைப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். பத்திரங்களுக்கு அடியில், பழைய ரேஷன் கார்டுக்கு உள்ளே, ஜாதகத்தோடு சேர்ந்து அந்த அட்டை மடிந்து கிடக்கலாம். கிடைத்தால் படம் எடுத்து இருவர் கைபேசியிலும் வையுங்கள், மூலத்தைக் கோப்பில் வையுங்கள். கிடைக்காவிட்டால் பிறந்த ஊர்ச் சுகாதார நிலையத்திலும், படித்த பள்ளியிலும், சிறுவயதில் காட்டிய மருத்துவரிடமும் ஒருமுறை கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் நாளைக்கே முதல் தவணையைப் போட்டு, புதிதாக ஒரு அட்டையைத் தொடங்குங்கள். அங்கே உங்களுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் அட்டையையும் அதனோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

சீக்கிரம் போய்ச் சேருங்கள். நன்றாக இருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்